ஓடாத வன்தட்டும் ஓர் அமானிதமும்

முன்னுரை

பனையோலைச் சுவடிகளைக் கறையான் அரித்தது, வெள்ளம் கொண்டது, நெருப்புத் தின்றது என்று நாம் வகுப்பறையில் ஆண்டுதோறும் மாணவர்க்கு எடுத்துரைத்து வருகின்றோம். அச்சுப்பொறி வந்தபோது அவ்வச்சம் பாதி தீர்ந்தது. கணிப்பொறி வந்தபோது முழுவதும் தீர்ந்துவிட்டதாகவே பலரும் கருதினர். ஆயின், ஓலையைவிட விரைவில் வாய்மூடிக்கொள்ள வல்லது கணிப்பொறிச் சேமிப்பு என்னும் உண்மையை நம் துறையின் பழைய பெட்டி ஒன்று அண்மையில் நமக்கு உணர்த்தியது.

நம் துறையில் நெடுங்காலம் பணியாற்றி மறைந்த பேராசிரியப் பெருந்தகை ஒருவர், இசுலாமியத் தமிழ் இலக்கியங்களில் பயின்று வரும் அரபு, பாரசீகச் சொற்களைத் திரட்டிப் பொருளும் ஆட்சியிடமும் குறித்து ஒரு சொல்லடைவு தொகுத்திருந்தார். கிஸ்ஸா, நாமா, மசலா, முனாஜாத்து முதலிய இலக்கிய வகைகளிலிருந்து அவர் எடுத்த குறிப்புச் சீட்டுகள் 1993 முதல் 1996 வரை துறைக் கணிப்பொறியில் தட்டச்சுச் செய்யப்பெற்றன. சீட்டுகள் பின்னர் ஒரு மழைக்காலத்தில் நனைந்து கூழாயின. எஞ்சியது கணிப்பொறிக்குள் இருந்த ஒரே படி. கடந்த கல்வியாண்டில் அதனை நூலாக்கக் கருதி அப்பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தபோது திரை ஒளிர்ந்தது. நினைவகக் கணக்கு ஓடியது. அதன்பின் வன்தட்டைக் காணவில்லை என்னும் செய்தி வந்து நின்றது. பேராசிரியரின் துணைவியாரிடம் இதனைத் தயங்கித் தயங்கித் தெரிவித்தோம். "அது அவர் உங்களிடம் விட்டுச் சென்ற அமானிதம்" என்று மட்டுமே அவர் சொன்னார். அந்த ஒரு சொல்லே இக்கட்டுரைக்கு வித்து.

தமிழ்த்துறையார்க்குப் பொறிகளைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். நம் மதரஸாக்கள், ஜமாஅத் அலுவலகங்கள், நூலகங்கள், சிறு அச்சகங்கள், எழுத்தாளர் இல்லங்கள் ஆகியவற்றின் பரண்களில் இத்தகைய பழைய தட்டுகள் பல உறங்கிக்கொண்டிருக்கலாம். அவற்றுள் என்ன இருக்கிறது என்பதை அறியாமலே பழைய இரும்புக்கு எடைபோட்டுவிடுதல் கூடாது. அறியாமல் கைவைத்துக் கெடுத்துவிடுதலும் கூடாது. ஆகவே, இயற்பியல் துறை ஆய்வகத் துணைவரின் துணையோடு நாம் கற்றவற்றை ஈண்டு முறைப்படுத்தித் தருகின்றோம்.

வன்தட்டின் அமைப்பு

ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டின் உள்ளே காந்தப் பூச்சுடைய வட்டத் தட்டுகள் ஓர் அச்சில் கோக்கப்பட்டிருக்கும். மோட்டார் ஒன்று அவற்றைச் சுழற்றும். தட்டின் பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத வட்டத் தடங்கள் உண்டு. ஒவ்வொரு தடமும் சிறு சிறு கூறுகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். பழைய தட்டுகளில் ஒரு கூறு 512 பைட் கொள்ளும். கை போன்ற உறுப்பின் நுனியில் உள்ள காந்த முனை, வேண்டிய தடத்தின்மேல் சென்று நின்று எழுதும், படிக்கும்.

இவ்வகைச் சேமிப்பின் முதல் வணிகப் பொறியை ஐ.பி.எம். நிறுவனம் 1956ஆம் ஆண்டு அறிவித்தது. 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகளைக் கொண்டு, ஓர் அலமாரி அளவில் நின்ற அப்பொறி தாங்கியது 50 இலட்சம் எழுத்துகளே. 1980ஆம் ஆண்டு, பின்னர் சீகேட் எனப் பெயர் பெற்ற நிறுவனம், 5.25 அங்குல அளவில் 5 மெகாபைட் கொள்ளும் தட்டை வெளியிட்டது. 1983இல் வந்த ஐ.பி.எம். பி.சி. எக்ஸ்.டி. என்னும் கணிப்பொறியில் 10 மெகாபைட் தட்டு இடம்பெற்றது. அதன்பின் வன்தட்டு அலுவலக மேசைகளில் பரவலாயிற்று. 1990களின் தொடக்கத்தில் 40 மெகாபைட் தட்டு பல கல்வி நிலையங்களில் பெருஞ்செல்வமாகக் கருதப்பட்டது. நம் துறையின் தட்டும் அத்தகையதே.

அக்காலத் தட்டுகள் பலவும் நிமிடத்திற்கு 3600 முறை, அதாவது நொடிக்கு 60 முறை சுழன்றன. அவ்வேகத்தில் தட்டோடு சுழலும் காற்று ஒரு மெல்லிய படலமாகி முனையைத் தாங்குகிறது. முனைக்கும் தட்டுக்கும் இடையே உள்ள வெளி ஒரு மைக்ரானுக்கும் குறைவு. மனிதத் தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரான் என்பதை ஒப்பிட்டு நோக்கினால், உள்ளே புகும் ஒரு தூசியும் அங்கு மலையாகும் என்பது விளங்கும்.

ஒட்டிக்கொள்ளும் நோய்

தட்டு சுழலும்போது முனை மிதக்கிறது. சுழற்சி நின்றால் முனை எங்கே போகும்? இவ்வினாவில்தான் நோயின் வேர் உள்ளது. 1973ஆம் ஆண்டு ஐ.பி.எம். வெளியிட்ட, வின்செஸ்டர் என்னும் பெயரால் அறியப்பட்ட தட்டில், சுழற்சி நிற்கையில் முனை மெல்லத் தட்டின்மேலேயே இறங்கி அமர்ந்தது. உராய்வினால் தேயாதிருக்கத் தட்டின்மேல் மெல்லிய மசகு பூசப்பட்டது. எளிமையும் சிக்கனமும் உடைய இம்முறையையே பின்வந்த தனியாள் கணிப்பொறித் தட்டுகளும் நெடுங்காலம் மேற்கொண்டன.

நனைந்த இரு கண்ணாடிச் சில்லுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பின் பிரிக்க முயன்றவர்க்கு இந்நோய் எளிதில் புரியும். தட்டும் முனையும் மிக வழுவழுப்பானவை. நாள்கள் செல்லச் செல்ல மசகும் காற்றின் ஈரமும் முனையின் அடியில் சேர்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. நாள்தோறும் இயங்கும் தட்டில் இப்பற்று வலுப்பெற வாய்ப்புக் குறைவு. ஆண்டுக்கணக்கில் உறங்கிய தட்டில், மோட்டாரின் தொடக்க விசையைவிடப் பற்றின் விசை மிகுந்துவிடுகிறது. மின்சாரம் வருகிறது, மோட்டார் முயல்கிறது, தட்டு அசைவதில்லை. இதனையே ஆங்கிலத்தில் 'ஸ்டிக்ஷன்' என்பர். பின்னாளில் முனை அமரும் இடத்தை மட்டும் நுண்ணிய சொரசொரப்பாக்கியும், முனையைத் தட்டுக்கு வெளியே ஒரு சாய்தளத்தில் ஏற்றி நிறுத்தியும் இக்குறையைக் களைந்தனர். பழைய தட்டுகளுக்கு அந்தப் பேறு இல்லை.

ஆனால், ஓடாத தட்டெல்லாம் ஒட்டிக்கொண்ட தட்டன்று என்பது ஈண்டு வற்புறுத்தத்தக்கது. காய்ச்சல் ஒன்றாயினும் காரணம் பல என்பது போல, இங்கும் காரணங்கள் பல. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய மருந்தில் வள்ளுவர் வகுத்த ஒழுங்கு, நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் அறிந்தபின்னரே செயலில் இறங்குக என்பதாகும். அவ்வொழுங்கு பொறிக்கும் பொருந்தும்.

மின்சாரம் கொடுக்கும் முன்

நாம் முதல் நாள் செய்த பிழையை மறைக்காது கூறிவிடுதல் நலம். தட்டு இயங்கவில்லை என்றறிந்ததும், ஆர்வ மிகுதியால் எட்டு முறை பெட்டியை அணைத்து அணைத்து ஏற்றினோம். ஒட்டிய தட்டை மீண்டும் மீண்டும் இயக்க முயன்றால் மோட்டாரை இயக்கும் மின்சுற்று சூடேறிக் கருகலாம். முனை பழுதுற்றிருந்தால், ஒவ்வொரு முயற்சியும் தட்டின் பரப்பைச் சுரண்டலாம். ஆகவே முதல் விதி இது: ஒரு முறை ஏற்றுக, கூர்ந்து கேட்க, குறித்துக்கொள்க, அணைத்துவிடுக.

இரண்டாவதாக, நோய் தட்டில்தான் உள்ளதா என்று தெளிதல் வேண்டும். அக்காலக் கணிப்பொறிகள் பலவற்றில், தட்டின் அளவுகளை நினைவில் வைத்திருக்கத் தாய்ப்பலகையில் ஒரு சிறு மின்கலம் இருந்தது. அது தீர்ந்துவிட்டால், தட்டு நலமாக இருந்தாலும் கணிப்பொறி அதனை அறியாது. சில பலகைகளில் பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் மின்கலம் கசிந்து, செம்புத் தடங்களை அரித்துவிடுவதும் உண்டு. தட்டின் மேலொட்டிய தாளில் உருளைகள், முனைகள், ஒரு தடத்துக்குரிய கூறுகள் ஆகிய மூன்று எண்கள் பெரும்பாலும் காணப்படும். 977, 5, 17 என்று இருந்தால் அவற்றைப் பெருக்கி 512ஆல் பெருக்கக் கிடைப்பது 4,25,19,040 பைட். அதாவது 40 மெகாபைட் வகை. அவ்வெண்களைக் கணிப்பொறியின் அமைப்புத் திரையில் மீண்டும் பதிந்தாலே சில தட்டுகள் உயிர்பெற்றுவிடும்.

மூன்றாவதாக, வடங்களை நோக்குக. பட்டை வடத்தின் ஓரத்தில் உள்ள சிவப்புக் கோடு, தட்டின் முதலாம் ஊசியை நோக்கியிருத்தல் வேண்டும். தட்டின் விளக்கு இடையறாது எரிந்துகொண்டே இருப்பின், வடம் தலைகீழாக மாட்டப்பட்டிருத்தல் கூடும். ஜம்பர் எனப்படும் சிறு இணைப்புத் துண்டுகளையும் காண்க. இரண்டாம் தட்டு உடனிருப்பதாக அமைக்கப்பட்ட ஐ.டி.இ. தட்டு, இல்லாத தோழனுக்காகக் காத்திருக்கும். ஸ்கஸி வகைத் தட்டுகளுள் சில, கணிப்பொறி ஆணையிட்டாலன்றிச் சுழலாதவாறு ஜம்பரால் அமைக்கப்பட்டிருக்கும். அவற்றைப் பழுதெனக் கருதுதல் தவறு.

நான்காவதாக, மின்வழங்கியை அளந்து பார்க்க. தட்டுக்குச் செல்லும் நான்கு கம்பிகளுள் மஞ்சள் 12 வோல்ட். சிவப்பு 5 வோல்ட். கறுப்பு இரண்டும் பொது. மல்டிமீட்டரில் மஞ்சள் 11.4 முதல் 12.6 வரையும், சிவப்பு 4.75 முதல் 5.25 வரையும் காட்டுதல் வேண்டும். இவ்வகைத் தட்டுகளில் மோட்டாரைச் சுழற்றுவது பொதுவாக 12 வோல்ட். மின்சுற்றை இயக்குவது 5 வோல்ட். மின்வழங்கியைத் தனியே கழற்றி அளத்தல் கூடாது. சுமையின்றி இயங்க மறுப்பது பழைய மின்வழங்கிகளின் இயல்பு. அதன் உறையைத் திறப்பதும் கூடாது. அணைத்த பின்னும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. தட்டை மாட்டினால் பெட்டி முழுவதும் செயலற்று, விசிறியும் சுழலாமல், தட்டைக் கழற்றியதும் எல்லாம் இயங்குமாயின், தட்டின் மின்சுற்றுப் பலகையில் ஏதோ ஒன்று குறுக்கிணைந்துள்ளது. பழைய பலகைகளில் அது பெரும்பாலும் டான்டலம் மின்தேக்கியாக இருக்கும். அறிந்தவர் கையால் அதனை மாற்றினால் போதும். உள்ளிருக்கும் எழுத்துகளுக்கு ஊறில்லை.

ஒலியே சான்று

நாடி பார்க்கும் மருத்துவர் போல, இங்குச் செவி கூர்ந்து கேட்டல் வேண்டும். நாம் அறிந்த ஒலிகளைத் தொகுத்துக் கூறுகின்றோம்.

ஒலியே இல்லை எனின், மின்சாரம் வந்து சேரவில்லை. அன்றி மின்சுற்று பழுது. அன்றி ஜம்பர் தடுக்கிறது.

மெல்லிய முனகல் எழுந்து, சில நொடிக்கு ஒருமுறை 'டிக்' என்று ஒலித்து, சுழற்சி மட்டும் தொடங்கவில்லை எனின், மோட்டார் முயன்று தோற்கிறது. முனை ஒட்டியிருத்தல் கூடும். சுழல் அச்சின் மசகு இறுகியிருத்தலும் கூடும். நம் தட்டு எழுப்பியது இவ்வொலியே.

நன்றாகச் சுழன்று வேகம் பெற்று, முனைக்கை அசையும் ஒலி கேளாமலே சற்று நேரத்தில் தானே நின்றுவிடுமாயின், கை சிறைப்பட்டுள்ளது எனலாம். 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் மெக்கின்டாஷ் கணிப்பொறிகளில் இடம்பெற்ற குவாண்டம் ப்ரோடிரைவ் தட்டுகளில் இது பலரும் அறிந்த குறை. கை மோதி நிற்பதற்காக உள்ளே வைத்த ரப்பர்த் துண்டு, காலப்போக்கில் பசைபோல் இளகிக் கையைப் பிடித்துக்கொள்கிறது. இங்கு ஒட்டியது தட்டன்று, கை. அறிகுறி வேறு, மருந்தும் வேறு.

சுழன்றபின் 'டக், டக்' என ஒரே சீராக ஒலித்தால், முனை தன் தொடக்கத் தடத்தைத் தேடிக் காணாது தவிக்கிறது என்பது பொருள். ஸ்டெப்பர் மோட்டாரால் கை நகரும் பழைய தட்டுகளுக்கு இதில் ஒரு தனி இயல்பு உண்டு. அவை படிப்படியாக எண்ணி நகர்பவை. தடம் சற்று விலகியிருந்தால் உணரும் ஆற்றல் அற்றவை. குளிரில் உலோகம் சுருங்க, எழுதிய தடத்துக்கும் முனை நிற்கும் இடத்துக்கும் சிறு வேறுபாடு விளையும். அரைமணி நேரம் சுழலவிட்டுச் சூடேறியபின் முயன்றால், படிக்க மறுத்த தட்டு படித்துவிடுவது உண்டு.

தட்டின் அடியிலிருந்து கீச்சென்ற ஒலி எழுந்தால் உடனே அஞ்ச வேண்டா. சில பழைய தட்டுகளில் சுழலச்சின் முனையைத் தொட்டுக்கொண்டு நிலைமின்னை வெளியேற்றும் சிறு உலோகப் பட்டை ஒன்று உண்டு. அது தேய்ந்தால் கத்தும். ஆனால் உள்ளிருந்து தேய்க்கும் ஒலி, உலோகம் சுரண்டும் ஒலி கேட்குமாயின் அந்நொடியே அணைத்துவிடுக. முனை தட்டை உழுதுகொண்டிருக்கிறது. அழியும் ஒவ்வொரு தடமும் மீளாது.

ஒட்டியதை விடுவித்தல்

முனை ஒட்டியுள்ளது என்று தெளிந்த பின்னும் உடனே கைவைத்தல் ஆகாது. விடுவித்த தட்டு மறுமுறை இயங்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே, படியெடுக்கும் ஏற்பாடு அனைத்தும் முன்பே முடிந்திருத்தல் வேண்டும். பழைய ஐ.டி.இ. தட்டுகளுள் பலவற்றை இன்று கடைகளில் கிடைக்கும் யு.எஸ்.பி. இணைப்பிகள் அறிந்துகொள்வதில்லை. உருளை, முனை, கூறு என்னும் பழைய முகவரி முறையை அவை பெரும்பாலும் பேசுவதில்லை. எனவே, ஐ.டி.இ. வாயிலுடைய ஒரு பழைய பென்டியம் கணிப்பொறியைத் தேடிப்பிடித்து, குறுவட்டிலிருந்து லினக்ஸ் இயங்கும்படி செய்து, படியைத் தாங்க வேறொரு நல்ல தட்டையும் பூட்டிவைத்தோம்.

அதன்பின் விடுவிக்கும் முறை. முதலில் தட்டை மிதமாகச் சூடேற்றுக. கை பொறுக்கும் சூடு போதும்; 40 டிகிரி செல்சியஸைக் கடக்க வேண்டா. மசகு இளகுவதற்கே இது. இதனால் பயனில்லையெனின், தட்டைக் கிடைமட்டமாகக் கையில் ஏந்தி, உள்ளிருக்கும் சுழலச்சையே நடுவாகக் கொண்டு, சாவியைத் திருகுவது போலச் சட்டென்று திருப்புக. உறை திரும்பும், உள்ளிருக்கும் கனத்த தட்டு தன் சடத்துவத்தால் இருந்த இடத்திலேயே நிற்க முயலும். அந்த வேறுபாட்டில் ஒட்டு விடுபடும். மின்சாரமின்றி இரண்டொரு முறை இவ்வாறு செய்து பார்த்து, பின்னர் மின்சாரம் ஏற்றும் அந்நொடியில் மோட்டாரின் முயற்சியும் கையின் திருப்பமும் ஒருசேர நிகழும்படி செய்தல் வேண்டும். தட்டுதலும் அடித்தலும் இதில் இடம்பெறா. விசை பக்கவாட்டில் செல்ல வேண்டுமேயன்றி மேலும் கீழுமாகச் செல்லலாகாது.

இது இடையூறு அற்ற முறையன்று. பற்று மிக வலிதாயின், முனை கையிலிருந்து பிய்ந்துவிடவும் கூடும். ஆகவே இதனை இறுதி மருந்தாகவே கருதுதல் வேண்டும். விலைமதிப்பற்ற பதிவாயின், தூசியற்ற அறையும் கருவிகளும் உடைய மீட்பு வல்லுநரிடம் ஒப்படைப்பதே முறை. நாம் அவ்வழியை எண்ணிப் பார்த்தோம். அவர்கள் கேட்ட தொகை துறையின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதாயிருந்தது. பேராசிரியரின் துணைவியாரிடம் நிலைமையை ஒளிவின்றி எடுத்துரைத்து, அவர் இசைவு பெற்ற பின்னரே முயன்றோம்.

மூன்றாம் திருப்பத்தில் தட்டு சுழன்றது. மெல்லிய சீழ்க்கை போல் தொடங்கி, ஏறி, ஒரு நிலையில் நின்ற அவ்வொலியைக் கேட்டு அறையில் இருந்தோர் அனைவரும் ஒருசேர 'அல்ஹம்துலில்லாஹ்' என்றனர்.

செய்யத் தகாதவை

இதற்குமுன் நாம் அணுகிய ஒரு பழுதுபார்க்கும் கடையில், மூடியைத் திறந்து விரலால் தட்டைச் சுற்றிவிடலாம் என்றனர். சில பழைய தட்டுகள் அவ்வாறு சற்று நேரம் இயங்கியதுண்டு என்பது உண்மையே. எனினும், ஒரே படியுள்ள தட்டில் அதனைச் செய்தல் சூதாட்டத்துக்கு ஒப்பாகும். மைக்ரானுக்கும் குறைந்த இடைவெளியில் மிதக்கும் முனைக்கு, நம் அறையின் தூசி ஒவ்வொன்றும் பாறை.

குளிர்பதனப் பெட்டியில் வைத்தெடுத்தால் சரியாகும் என்பது மற்றொரு செவிவழிச் செய்தி. குளிர்ந்த தட்டை வெளியே எடுத்தால், நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்று அதன்மேல் நீராய்ப் படியும். ஒட்டிய முனைக்கு ஈரமே உணவு என்பதை முன்னரே கண்டோம்.

மின்சுற்றுப் பலகையை அதே வகைத் தட்டிலிருந்து எடுத்து மாற்றுதல், 1980களின் தட்டுகளில் பலமுறை பயன் தந்துள்ளது. பிற்காலத் தட்டுகளிலோ ஒவ்வொன்றுக்கும் உரிய தனிக் குறிப்புகள் பலகையிலேயே பதிந்திருத்தல் உண்டு. வேறு பலகை அங்குப் பொருந்தாது. மேலும், கணிப்பொறி 'தட்டை ஃபார்மட் செய்யவா' என்று கேட்டால் எக்காரணம் பற்றியும் இசைதல் கூடாது. நோயாளியின் பெயரை நீக்கினால் நோய் தீர்ந்ததாகாது.

முதற்கடமை படியெடுத்தல்

சுழன்ற தட்டை மீண்டும் அணைக்காமல், ரீசெட் பொத்தானை மட்டும் அழுத்திக் கணிப்பொறியைப் புதிதாகத் தொடங்கச் செய்தோம். தட்டு சுழன்றுகொண்டே இருக்க, கணிப்பொறி அதனை அறிந்துகொண்டது. அப்போது சொல்லடைவுக் கோப்பை உடனே திறந்து பார்க்க வேண்டும் என்னும் ஆவல் எழுந்தது இயல்பே. அதனை அடக்கிக்கொண்டோம். கோப்புகளைத் தேடித் திறப்பது முனையை அங்கும் இங்கும் ஓடச் செய்யும். முதலில் தட்டு முழுவதையும் முதற்கூறு தொடங்கி ஈற்றுக்கூறு வரை அப்படியே படியெடுத்தல் வேண்டும். பின்னர் அப்படியில் தேடுதல் வேண்டும்.

இதற்கென டிடிரெஸ்க்யூ என்னும் கட்டற்ற நிரல் உள்ளது. நலமான கூறுகளை முதலில் விரைந்து எடுத்துக்கொண்டு, படிக்க மறுப்பவற்றைக் குறித்துவைத்து, இறுதியில் மீண்டும் முயல்வது அதன் இயல்பு. ஏடு பெயர்த்தெழுதுவோர், தெளிவான வரிகளை எழுதி முடித்தபின் சிதைந்த இடங்களுக்குத் திரும்புவதை இது ஒக்கும். நம் தட்டின் 83,045 கூறுகளுள் 38 மட்டும் இறுதிவரை படிக்கப்படவில்லை. அவற்றுள் 6 கூறுகள், அதாவது 3,072 பைட், சொல்லடைவுக் கோப்புக்குள் விழுந்தன. முதல் நாள் நாம் எட்டு முறை ஏற்றி அணைத்த அவசரம்தான் இதற்குக் காரணம் என்று அறுதியிட இயலாது. எனினும் அவ்வாறு இல்லை என்று கூறவும் நம் மனம் துணியவில்லை.

எழுத்து மீண்டும் எழுத்தாதல்

கோப்பைத் திறந்தபோது திரையில் தோன்றியவை தமிழ் அல்ல, பொருளற்ற குறிகள். யூனிகோடு குறிமுறையில் தமிழ் 1991ஆம் ஆண்டே இடம்பெற்றது. தமிழக அரசு 1999ஆம் ஆண்டு டாம், டாப் என்னும் குறிமுறைகளை ஏற்றது. ஆனால் 1993இல் தட்டச்சுச் செய்தோர் கையில் இருந்தது தனக்கெனத் தனிக் குறிமுறை கொண்ட ஒரு மென்பொருள். அம்மென்பொருளும் இன்று இல்லை.

இங்கு நமக்குக் கைகொடுத்தது இத்துறை மலரே. 1995ஆம் ஆண்டு மலரில் அச்சொல்லடைவின் இரு பக்கங்கள் மாதிரியாக அச்சாகியிருந்தன. அச்சிட்ட பக்கத்தையும் திரைக் குறிகளையும் அருகருகே வைத்து, இக்குறி ககரம், இக்குறி கொம்பு, இக்குறி கால் என முதுகலை மாணவர்கள் ஒரு வாரத்தில் பட்டியல் அமைத்தனர். பழைய முறையில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என எழுதும் வரிசையிலேயே மூன்று குறிகளாக இருந்தது. யூனிகோடிலோ ககரமும் அதன்பின் ஒகரக்குறியும் வரவேண்டும். இந்த வரிசை மாற்றத்தையும் கருதி அமைத்த சிறு நிரல், சொல்லடைவு முழுவதையும் மீண்டும் தமிழாக்கித் தந்தது. படிக்கப்படாத 6 கூறுகளின் இடத்தை நிரப்ப நாம் முயலவில்லை. சிதைந்த ஏட்டுக்குப் பதிப்பாசிரியர் புள்ளியிடுவது போல, அவ்விடங்களைப் புள்ளியிட்டே அச்சுக்குக் கொடுத்துள்ளோம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில உண்மைகள் பெறப்படும். ஓடாத தட்டு இறந்த தட்டன்று. மின்சாரம், வடம், ஜம்பர், மின்கலம் என வெளியிலிருந்து உள்நோக்கி ஆராய்ந்தால், தட்டின் உள்ளே போக வேண்டிய தேவையே பலமுறை எழாது. எழுமாயின், ஒலியைக் கேட்டு நோயைத் தெளிந்து, படியெடுக்கும் ஏற்பாட்டை முடித்து, ஒருமுறையே முயலுதல் வேண்டும். எல்லாவற்றினும் பெரும்பகை அவசரமே.

அதனினும் மேலான உண்மை ஒன்று உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அதன்பின் இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். ஒரே ஒரு தட்டில் ஒரே ஒரு படியை வைத்துவிட்டு முப்பது ஆண்டுகள் திரும்பிப் பாராதிருந்த நாம், ஒட்டகத்தைக் கட்டாமலே உறங்கியவர்கள். தட்டு செய்த பிழையினும் நாம் செய்த பிழையே பெரிது. ஆகவே, இப்போது அச்சொல்லடைவுக்கு மூன்று படிகள் எடுத்துள்ளோம். ஒன்று துறையிலும், ஒன்று கல்லூரி நூலகத்திலும், ஒன்று பேராசிரியரின் இல்லத்திலும் உள்ளன. ஆண்டுதோறும் கல்லூரி திறக்கும் வாரத்தில் மூன்றையும் திறந்து சரிபார்ப்பது என்று துறைக் கூட்டத்தில் முடிவு செய்துள்ளோம். தாளில் அச்சிட்ட படி ஒன்றும் நூலக அலமாரியில் உள்ளது.

மாணவச் செல்வங்கள் தத்தம் இல்லத்துப் பரணில் பழைய கணிப்பொறி ஏதேனும் இருப்பின், எடைக்குப் போடும் முன் பெரியோரை ஒரு சொல் கேட்க வேண்டுகின்றோம். பெரியோர்கள், தாம் எழுதி வைத்தவை எங்கே உள்ளன என்பதை இளையோரிடம் இப்போதே சொல்லிவைக்க வேண்டுகின்றோம்.

மீட்ட படியைக் கொண்டுசென்று கொடுத்த அன்று, பேராசிரியரின் துணைவியார் திரையில் வந்த முதற்பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "புள்ளி வைத்த இடமெல்லாம் என்ன?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னோம். "அவர் இருந்தால் திரும்ப எழுதியிருப்பார்; நீங்கள் எழுதுங்கள்" என்றார். அவ்விடுபட்ட சொற்களை மூல நூல்களிலிருந்து மீண்டும் திரட்டும் பணியை இவ்வாண்டு முதுகலை மாணவர்கள் தொடங்கியுள்ளனர். வல்ல இறைவன் அப்பெருந்தகையின் உழைப்பை ஏற்று, அவர்தம் மறுமையைச் சிறப்பாக்கி வைப்பானாக. ஆமீன்.